மனச்சிதைவு நோயில் மூளை: ஸ்கேன் ஆய்வுகளையும் இஇஜி ஆய்வுகளையும் வாசிக்கும் முறை

மனச்சிதைவு நோயைப் பற்றிச் சற்று ஆழமாகப் படிக்க முற்படுகிறவர்கள் இரண்டு வகை ஆய்வுகளைத் தவறாமல் எதிர்கொள்வார்கள். எம்ஆர்ஐ ஸ்கேன் கொண்டு மூளையின் பகுதிகளை அளந்து, எது சிறுத்திருக்கிறது, எது பெருத்திருக்கிறது என்று சொல்வது ஒரு வகை. தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இஇஜி முறையில், எந்த அலை தணிந்திருக்கிறது, எது ஓங்கியிருக்கிறது என்று சொல்வது மற்றொரு வகை. "நோயாளிகளின் ஹிப்போகாம்பஸ் (நினைவோடு தொடர்புடைய மூளைப் பகுதி) சிறியதாக உள்ளது", "பி-300 அலை குறைந்துள்ளது" போன்ற வாக்கியங்கள் பொய்யல்ல. ஆனால் அவை யாரைப் பற்றிய உண்மை, எவ்வளவு உண்மை என்பதைத் தலைப்போ சுருக்கமோ சொல்வதில்லை. கட்டுரையின் உட்பகுதிதான் சொல்கிறது. அந்த உட்பகுதியில் எதைத் தேடுவது, எந்த வரிசையில் தேடுவது என்பதை மாணவர்களுக்கும், நோயாளிகளின் குடும்பத்தினருக்கும், அறிவியல் செய்தி எழுதுவோருக்கும் பயன்படும் விதத்தில் இங்கே விளக்க முயல்கிறேன்.

மருத்துவமனை அறிக்கையையும் ஆய்வுக் கட்டுரையையும் கலக்காதீர்கள்

மனச்சிதைவு நோய் இன்றும் பேசியும் கவனித்தும்தான் கண்டறியப்படுகிறது. இல்லாத குரல்கள் கேட்பது, அசைக்க முடியாத தவறான நம்பிக்கைகள், கோவையற்ற பேச்சு, உணர்ச்சியும் முனைப்பும் வற்றிப்போவது ஆகியவை எத்தனை மாதங்களாக இருக்கின்றன, அன்றாட வாழ்க்கையை எப்படிப் பாதித்திருக்கின்றன என்பதை வைத்தே மனநல மருத்துவர் முடிவுக்கு வருகிறார். இந்த நோயை உறுதிசெய்யும் ஸ்கேனோ இஇஜியோ இதுவரை நடைமுறைக்கு வரவில்லை.

அப்படியானால் முதன்முறையாக நோய் வெளிப்பட்டவருக்கு ஏன் ஸ்கேன் எடுக்கிறார்கள்? அதே அறிகுறிகளைத் தரக்கூடிய வேறு நோய்களை விலக்குவதற்காக. மூளைக்கட்டி, பொட்டு மடலில் தோன்றும் வலிப்பு, நோயெதிர்ப்பு மண்டலமே மூளையைத் தாக்கும் அழற்சி ஆகியவை அப்பட்டியலில் அடங்கும். 2007இல் விவரிக்கப்பட்ட என்.எம்.டி.ஏ. ஏற்பி எதிர்ப்பு மூளை அழற்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: இளம் வயதில் திடீரென மனநோய் போலத் தொடங்கும், இஇஜி பெரும்பாலும் இயல்பு தவறியிருக்கும், உரிய நேரத்தில் நோயெதிர்ப்புச் சிகிச்சை கொடுத்தால் பலர் நன்கு மீள்வார்கள். எனவே கையில் இருக்கும் மருத்துவமனை அறிக்கையில் "இயல்பு" என்று எழுதியிருந்தால், தேடிய அந்த வேறு நோய்கள் தென்படவில்லை என்பதே அதன் பொருள். மனச்சிதைவு இல்லை என்று அதற்குப் பொருளில்லை; நோயாளி நடிக்கிறார் என்று நிச்சயமாகப் பொருளில்லை.

ஆய்வுக் கட்டுரை வேறு வேலையைச் செய்கிறது. அது ஒரு கூட்டத்தின் சராசரியை இன்னொரு கூட்டத்தின் சராசரியோடு ஒப்பிடுகிறது. இனிச் சொல்லப்போவதெல்லாம் அந்தச் சராசரிகளைப் பற்றியதுதான்.

முதலில் யாரை அளந்தார்கள் என்று பாருங்கள்

ஒரு கட்டுரை கைக்கு வந்தால் நான் முடிவுரைக்கோ வண்ணப் படங்களுக்கோ போவதற்கு முன் முதல் அட்டவணையைத் தேடுவேன். நோயாளிகளின் வயது, நோய் தொடங்கி எத்தனை ஆண்டுகள், எந்த மருந்து, எவ்வளவு அளவு, புகைபிடிப்போர் எத்தனை பேர், மதுப்பழக்கம் உண்டா என்பவை அங்கேதான் இருக்கும். அந்த அட்டவணையே இல்லாத கட்டுரையை நம்பி எதையும் எழுதாமல் இருப்பது நல்லது.

இதன் முக்கியத்துவத்தை இத்துறையின் தொடக்கமே காட்டுகிறது. 1976இல் ஈவ் ஜான்ஸ்டோனும் டிமதி குரோவும் அவர்களுடைய குழுவினரும் அப்போது புதிதாக வந்திருந்த சிடி ஸ்கேனைப் பயன்படுத்தி, மனச்சிதைவு நோயாளிகளின் மூளையில் திரவம் நிறைந்த பக்க அறைகள் பெரிதாக இருப்பதைக் காட்டினர். அளக்கப்பட்டவர்கள் 17 நோயாளிகளும் நலமான 8 பேரும் மட்டுமே. அந்த நோயாளிகள் நெடுங்காலம் மருத்துவமனையிலேயே இருந்தவர்கள். முடிவு பிற்கால ஆய்வுகளில் நிலைத்து நின்றது. ஆயினும் நோயா, நீண்ட சிகிச்சையா, நிறுவன வாழ்க்கையா, எது அறைகளைப் பெரிதாக்கியது என்று அந்த ஒரு ஆய்வைக் கொண்டு யாராலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

மருந்தின் பங்கை மனிதர்களிடம் பிரித்தறிவது கடினம், ஏனெனில் நோய் கடுமையாக உள்ளவர்களுக்கே மருந்தும் அதிகம் கொடுக்கப்படுகிறது. 2005இல் வெளியான ஒரு விலங்காய்வு இந்த முடிச்சை வேறு வழியில் அணுகியது. நோயே இல்லாத மக்காக் குரங்குகளுக்கு மனச்சிதைவுக்குக் கொடுக்கப்படும் ஹாலோபெரிடால் அல்லது ஓலன்சபைன் மருந்தை, மனித நோயாளிகளின் இரத்தத்தில் காணப்படும் அளவு வரும்படி, 17 முதல் 27 மாதங்கள் கொடுத்தனர். மருந்து பெறாத குரங்குகளைவிட அவற்றின் மூளை எடை ஏறத்தாழ 8 முதல் 11 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆகவே பல ஆண்டுகள் மருந்து உட்கொண்டவர்களிடம் காணும் மெலிவு முழுவதையும் நோயின் கணக்கில் எழுதிவிட முடியாது. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: இதைப் படித்துவிட்டு மருந்தைத் தாமாக நிறுத்துவது ஆபத்தானது. மருந்து நிறுத்தப்பட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. அளவைக் குறைப்பதோ மாற்றுவதோ மருத்துவருடன் பேசி முடிவெடுக்க வேண்டியது.

ஆகையால் நோய் முதன்முறையாக வெளிப்பட்டவர்கள், மருந்தே தொடங்காதவர்கள், நோய் வரக்கூடிய அபாயத்தில் உள்ளவர்கள், நோயாளிகளின் நலமான உடன்பிறந்தோர் என யாரைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்து தொடாதவர்களிடமும் ஒரு வேறுபாடு காணப்பட்டால் அதற்கு எடை கூடுதல். நலமான உடன்பிறந்தோரிடமும் அது அரைகுறையாகக் காணப்பட்டால், அது நோயின் விளைவைவிட நோய்க்கான மரபுச் சாய்வோடு தொடர்புடையதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மூளை அமைப்பு: வேறுபாடு உண்டா என்பதோடு நிறுத்தாமல், எவ்வளவு என்று கேளுங்கள்

சிறிய ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டுக்கொண்டே இருந்ததால், உலகெங்கும் உள்ள மையங்கள் தம் தரவுகளை ஒரே முறையில் அளந்து ஒன்றுசேர்க்கும் எனிக்மா என்ற கூட்டமைப்பு உருவானது. அதன் மனச்சிதைவுக் குழு 2016இல் 2,028 நோயாளிகளையும் நலமான 2,540 பேரையும் ஒப்பிட்டது. 2018இல் 4,474 நோயாளிகள், 5,098 நலமானவர்கள். இந்த இரண்டும் ஒரு நல்ல அளவுகோலாகப் பயன்படும். புதிதாக ஒரு சிறு ஆய்வு படிக்கக் கிடைத்தால், அது சொல்வதை இவற்றோடு வைத்துப் பாருங்கள்.

மூளையின் ஆழத்தில் உள்ள பகுதிகளில் ஹிப்போகாம்பஸ், அமிக்டலா, தாலமஸ், நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் ஆகியவை சராசரியில் சிறியவை. பக்க அறைகளும், ஆழத்தில் உள்ள இன்னொரு பகுதியான குளோபஸ் பாலிடஸும் பெரியவை. மூளையின் வெளி அடுக்கான பெருமூளைப் புறணி ஏறத்தாழ எல்லா இடத்திலும், குறிப்பாக நெற்றி மடலிலும் பொட்டு மடலிலும், மெலிந்திருக்கிறது. இவை அந்த ஆய்வுகளின் சாரம். ஆனால் வாசகர் தேட வேண்டியது ஒவ்வொன்றின் அருகிலும் அச்சிடப்பட்டிருக்கும் விளைவு அளவு என்ற எண்ணை. இரு சராசரிகளுக்கு இடையிலான தூரம், மக்களிடையே இயல்பாக உள்ள பரவலில் எத்தனை பங்கு என்பதை அது சொல்கிறது. ஹிப்போகாம்பஸுக்கு அது 0.46, பக்க அறைகளுக்கு 0.37, புறணியின் தடிமனுக்குச் சுமார் 0.5.

0.46 என்றால் என்ன? இரு குழுவினரின் அளவுகளும் வழக்கமான மணி வடிவத்தில் பரவியிருப்பதாகக் கொண்டால், அந்த இரண்டு மணிகளும் ஏறத்தாழ 82 விழுக்காடு ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒரு நோயாளியையும் நலமான ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், நோயாளியின் ஹிப்போகாம்பஸ் சிறியதாக இருக்கும் வாய்ப்பு 100இல் 63; எதுவுமே தெரியாமல் ஊகித்தாலும் 50 கிடைத்திருக்கும். நோயாளிகளில் பெரும்பாலோரின் ஹிப்போகாம்பஸ் நலமானவர்களின் வழக்கமான வரம்புக்குள்ளேயே இருக்கிறது. செய்தித்தாள்கள் அருகருகே அச்சிடும் "நலமான மூளை", "நோயுற்ற மூளை" என்ற இரு படங்கள் பெரும்பாலும் இந்த உண்மையை மறைப்பதற்கே உதவுகின்றன; வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்படி தேர்ந்தெடுத்த படங்கள் அவை.

இதை வைத்து வேறுபாடு அற்பமானது என்று முடிவுகட்டுவதும் தவறு. 1990இல் வெளியான இரட்டையர் ஆய்வு இதை அழகாக விளக்குகிறது. ஒரே கருவிலிருந்து பிறந்து, ஒருவருக்கு மட்டும் மனச்சிதைவு வந்த 15 இணை இரட்டையர்களை ரிச்சர்ட் சடத், டேனியல் வைன்பெர்கர் ஆகியோரின் குழு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தது. 15இல் 14 இணைகளில், இடப்பக்க ஹிப்போகாம்பஸின் முன்பகுதி நோயுற்றவரிடம் சிறியதாக இருந்தது. அந்நியர் இருவரை ஒப்பிட்டால் 100இல் 63 என்று மங்கித் தெரிவது, ஒரே மரபணுக்கள் கொண்ட உடன்பிறப்போடு ஒப்பிடும்போது 15இல் 14 என்று துலங்குகிறது. மனிதருக்கு மனிதர் மூளையின் அளவு இயல்பாகவே அவ்வளவு மாறுபடுகிறது. இரட்டையர் ஒப்பீடு அந்த இரைச்சலைக் கழித்துவிடுகிறது. ஒருவரின் மூளை நோய் வராதிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பது தெரிந்திருந்தால் வேறுபாடு புலப்படலாம். ஒற்றை ஸ்கேனில் அது தெரிய வழியில்லை.

அடுத்து, "சிறியது" என்பதற்கும் "சுருங்கியது" என்பதற்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ஒரே ஒரு முறை எடுத்த ஸ்கேன் சிறியது என்று மட்டுமே சொல்லும். சுருங்கியது என்று சொல்ல அதே நபரைக் காலம் விட்டு மீண்டும் அளந்திருக்க வேண்டும். மண்டையோட்டின் உட்கொள்ளளவு இங்கே ஒரு துப்பு. மருந்து உட்கொள்ளும் 8,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளைத் தொகுத்த 2013ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு, மூளையின் மொத்தக் கொள்ளளவு 2.6 விழுக்காடும் மண்டையோட்டின் உட்கொள்ளளவு 2 விழுக்காடும் குறைவு என்று கண்டது. சிறுவயதில் மூளை வளர வளர அதற்கேற்ப மண்டையோடு விரிகிறது. பிற்பாடு மூளை மெலிந்தாலும் ஓடு சுருங்காது. எனவே ஓட்டின் கொள்ளளவில் உள்ள குறைவு, குரல்கள் கேட்கத் தொடங்குவதற்கு வெகுமுன்பே, வளர்ச்சிப் பருவத்திலேயே ஏதோ ஒன்று மாறுபட்டிருப்பதைக் காட்டுகிறது. மீதமுள்ள குறைவில் நோயின் போக்கும் மருந்தும் வாழ்க்கை நிலையும் கலந்திருக்கின்றன.

புறணி மெலிந்திருக்கிறது என்றவுடன் நரம்பணுக்கள் கூட்டம் கூட்டமாக இறந்துவிட்டன என்று எண்ணிவிட வேண்டாம். மூளையழிவு நோய்களில் காணும் தழும்புத் திசு இங்கே காணப்படுவதில்லை. இறந்தவர்களின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வுகள், நெற்றி மடலின் மூன்றாம் அடுக்கில் உள்ள பிரமிடு வடிவ நரம்பணுக்களின் கிளைகளில், பிற அணுக்களின் இணைப்பை ஏற்கும் நுண்முட்கள் குறைந்திருப்பதைக் கண்டன. வளரிளம் பருவத்தில் தேவையற்ற இணைப்புகள் கத்தரிக்கப்படுவது எல்லாருக்கும் நடப்பதுதான். அது அளவுமீறிப் போவதே நோய்க்கு வழிகோலுகிறதோ என்ற கருத்தை இர்வின் ஃபைன்பெர்க் 1982இலேயே முன்வைத்தார். 2016இல், நோயெதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த சி-4 என்ற மரபணுவின் சில வடிவங்கள் நோய் அபாயத்தைக் கூட்டுவதும், எலிகளில் அதே மரபணு இணைப்புகளைக் கத்தரிப்பதில் பங்குபெறுவதும் தெரியவந்தபோது அக்கருத்துக்கு வலு கூடியது. ஆயினும் எம்ஆர்ஐ கருவியால் நுண்முட்களைப் பார்க்க முடியாது. அது திசுவில் உள்ள நீரின் சமிக்ஞையைப் பதிவுசெய்கிறது. தடிமன் என்பது அந்தச் சமிக்ஞையிலிருந்து கணினி வரைந்த இரு எல்லைக்கோடுகளுக்கு இடைப்பட்ட தூரம்.

அந்தக் கோடுகள் தலையசைவால் இடம்பெயரும் என்பது இன்னொரு சிக்கல். ஸ்கேனுக்குள் சிறிதளவு தலை அசைந்தாலும், படத்தில் கலங்கல் கண்ணுக்குத் தெரியாத நிலையிலும், அளக்கப்படும் தடிமன் குறைந்து காட்டுகிறது என்று 2015இல் நிறுவப்பட்டுள்ளது. பதற்றத்தில் உள்ளவரும், மருந்தால் கைகால் நிலைகொள்ளாமல் தவிப்பவரும் மற்றவர்களைவிட அதிகம் அசைவார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தலையசைவை எப்படி அளந்தார்கள், எத்தனை பேரை நீக்கினார்கள் என்ற ஒரு வரியை முறைகள் பகுதியில் தேடுங்கள்.

மின்னலைகள்: எந்தச் சோதனை, எந்த அலை, எப்படிக் கணக்கிட்டார்கள்

மனித மூளையின் மின்னலைகளை ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானிய மனநல மருத்துவர் 1924இல் முதன்முதலாகப் பதிவுசெய்து 1929இல் வெளியிட்டார். தலையின் மேற்பரப்பை எட்டும் மின்னழுத்தம் சில பத்து மைக்ரோவோல்ட்தான். ஒரு ஒலி எழுப்பும் தனி எதிர்வினையோ அதனினும் சிறியது, சில மைக்ரோவோல்ட். பின்னணி அலைகளில் அது மூழ்கிவிடும். அதனால் ஒரே ஒலியை நூறு முறை ஒலிக்கச் செய்து, நூறு பதிவுகளையும் ஒலி தொடங்கிய நொடிக்கு நேர்வைத்துச் சராசரி எடுக்கிறார்கள். நூறு பதிவுகளின் சராசரியில் பின்னணி இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறைந்து, எதிர்வினை மேலெழுகிறது. எத்தனை பதிவுகள் எஞ்சின என்ற எண்ணை இதனால்தான் பார்க்கச் சொல்கிறேன்: கண் சிமிட்டல் காரணமாக நோயாளிகளின் பதிவுகள் பாதி நீக்கப்பட்டு, நலமானவர்களுடையவை முழுதும் எஞ்சியிருந்தால், இரு சராசரிகளும் ஒரே தரத்தவை அல்ல.

எதுவும் செய்யாமல் கண்மூடி அமர்ந்திருக்கும்போது எடுக்கும் பதிவில், மெதுவான டெல்டா, தீட்டா அலைகள் நோயாளிகளிடம் சராசரியில் கூடுதலாக இருக்கின்றன. இதற்கு அதிக எடை கொடுக்க நான் தயங்குவேன். உறக்கக் கலக்கமும் அதையே செய்யும்; குளோசபின் போன்ற மருந்துகளும் அதையே செய்யும்.

தூண்டல் சோதனைகளே கூடுதலாகச் சொல்கின்றன. அவற்றில் பி-50 சோதனையைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். காதில் ஒரு 'கிளிக்' ஒலி. அரை வினாடி கழித்து அதே ஒலி மீண்டும். பிறகு எட்டுப் பத்து வினாடி அமைதி. மறுபடியும் ஓர் இணை. ஒவ்வொரு ஒலிக்கும் சுமார் 50 மில்லிவினாடியில் சிறிய அலை எழும். நலமானவர்களிடம் இரண்டாம் அலை முதலாவதில் பெரும்பாலும் பாதிக்கும் கீழே தணிந்துவிடும், மூளை அந்த ஒலியை ஏற்கெனவே கேட்டுவிட்டதால். மனச்சிதைவு நோயாளிகளிடம் அந்தத் தணிவு குறைவாக இருப்பதை 1980களின் தொடக்கத்தில் ராபர்ட் ஃப்ரீட்மனின் குழு கண்டது; தேவையற்ற ஒலிகளை மூளை வடிகட்டத் தவறுகிறது என்று அது விளக்கப்பட்டது.

இப்போது கணக்கைப் பாருங்கள். முடிவு ஒரு விகிதமாகத் தரப்படுகிறது. முதல் அலை 4 மைக்ரோவோல்ட், இரண்டாவது 1.6 என்றால் விகிதம் 40 விழுக்காடு. இன்னொருவருக்கு முதல் அலை 2, இரண்டாவது அதே 1.6 என்றால் விகிதம் 80. இரண்டாமவரிடம் இரண்டாம் ஒலிக்கான எதிர்வினை சற்றும் மாறவில்லை; முதல் ஒலிக்கான எதிர்வினைதான் சிறியது. வடிகட்டும் ஆற்றல் குறைந்திருக்கிறது என்று கூறுவதா, ஒலியை வாங்குவதே தொடக்கத்திலிருந்து பலவீனம் என்று கூறுவதா? விகிதம் ஒன்றை மட்டும் வெளியிடும் கட்டுரையில் இதற்கு விடை இராது. இரு அலைகளின் அளவையும் தனித்தனியே தந்திருக்கிறார்களா என்று பாருங்கள். நிக்கோட்டின் இந்தத் தணிவைச் சிறிது நேரத்துக்குச் சீராக்கும் என்பதால், சோதனைக்கு முன் கடைசியாக எப்போது புகைபிடித்தார்கள் என்ற விவரமும் தேவை.

மிஸ்மேட்ச் நெகட்டிவிட்டி எனப்படும் அலை இதைவிட உறுதியான தரையில் நிற்கிறது. ஃபின்லாந்து நாட்டு ஆய்வாளர் ரிஸ்டோ நாட்டனென் 1978இல் அதை விவரித்தார். ஒரே மாதிரியான குறுகிய ஒலிகள் தொடர்ந்து வர, இடையிடையே சற்று நீண்ட ஒலி ஒன்று புகுந்தால், 100 முதல் 250 மில்லிவினாடிக்குள் மூளை அந்த மாற்றத்துக்கு எதிர்வினை காட்டுகிறது. சோதிக்கப்படுபவர் ஒலியைக் கவனிக்கவே வேண்டியதில்லை. ஒலியற்ற படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். எனவே "நோயாளி ஈடுபாடு காட்டவில்லை, அதனால்தான் அலை சிறியது" என்ற வழக்கமான ஐயத்துக்கு இங்கே இடம் குறைவு. மனச்சிதைவில் இந்த அலை குறைந்திருப்பது 1991 முதல் பல நாடுகளில் மீண்டும் மீண்டும் காணப்பட்டுள்ளது. தொகுப்பாய்வுகளில் விளைவு அளவு ஒன்றை நெருங்குகிறது, ஹிப்போகாம்பஸ் வேறுபாட்டைப் போல ஏறத்தாழ இருமடங்கு. நலமான தன்னார்வலர்களுக்குக் கீட்டமைன் கொடுத்தாலும் இதே அலை குறைகிறது. கீட்டமைன், நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் குளுட்டமேட் என்ற வேதிப்பொருளின் என்.எம்.டி.ஏ. ஏற்பியைத் தடுப்பது. இந்நோயோடு வழக்கமாக இணைத்துப் பேசப்படும் டோபமைன் என்ற மற்றொரு செய்தி கடத்தும் வேதிப்பொருள் மட்டுமே நோயின் வேதியியல் அல்ல என்ற வாதத்துக்கு இது ஒரு முக்கியமான ஆதாரம். இருந்தும், விளைவு அளவு ஒன்று என்றாலும் இரு குழுக்களும் ஏறத்தாழ 60 விழுக்காடு ஒன்றின்மேல் ஒன்று படிந்தே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பி-300 இதற்கு நேர்மாறானது. அரிதாக வரும் ஒலியைச் சோதிக்கப்படுபவர் எண்ண வேண்டும். கவனம் சிதறினால் அலையும் சிறுத்துவிடும். மனச்சிதைவில் அது குறைகிறது என்பது 1972 முதலே அறியப்பட்டது. மது அடிமைத்தனத்திலும் மறதி நோயிலும்கூட அது குறைகிறது. ஆகவே பி-300 குறைவை நோயின் கையொப்பம் என்று வர்ணிக்கும் கட்டுரையைப் படிக்கும்போது புருவத்தைச் சற்று உயர்த்தலாம்.

வேகமான காமா அலைகளுக்கு, அதாவது வினாடிக்கு 30 முறைக்கு மேல் துடிப்பவற்றுக்கு, தனிக் கவனம் வேண்டும். வினாடிக்கு 40 முறை ஒலிக்கும் 'கிளிக்' தொடரைக் கேட்கும்போது நலமானவர்களின் மூளையலை அதே தாளத்தில் இசைந்து துடிக்கும். நோயாளிகளிடம் அந்த இசைவு பலவீனமாக இருப்பதை 1999இல் வெளியான ஆய்வு காட்டியது, பின்னர் வேறு குழுக்களும் கண்டன. காபா என்ற வேதிப்பொருளைச் சுரந்து அண்டை அணுக்களை அடக்கி, கூட்டுத் துடிப்புக்குத் தாளம் கட்டும் பார்வால்புமின் நரம்பணுக்களின் கோளாறோடு இது இணைத்துப் பேசப்படுகிறது. ஆனால் ஒலித் தூண்டல் இல்லாமல் "காமா கூடியிருக்கிறது" என்று சொல்லும் ஆய்வுகளில் எச்சரிக்கை தேவை. நெற்றியிலும் தாடையிலும் உள்ள தசைகளின் மின்னோட்டம் இதே அதிர்வெண்ணில்தான் விழுகிறது. நாம் உணராமலே நிகழும் கண்ணின் நுண்ணசைவுகள் காமாவைப் போன்ற போலி அலையை உண்டாக்குகின்றன என்று 2008இல் தெளிவாகக் காட்டப்பட்டது. பல்லைக் கடித்தபடி பதற்றமாக அமர்ந்திருக்கும் ஒருவரின் தாடைத் தசை, ஆய்வுக் கட்டுரையில் மூளையலையாக உருமாறிவிடக்கூடும்.

அமைப்பையும் அலையையும் இணைக்கும் கட்டுரைகள்

புறணியில் நுண்முட்கள் குறைவு, அதனால் அணுக்களிடையே தொடர்பு தளர்வு, அதனால் 40 துடிப்பு இசைவில் குறைவு, அதனால் சிந்தனைக் குழப்பம் என்று ஒரு சங்கிலியைப் பல கட்டுரைகளின் இறுதிப் பகுதியில் காணலாம். சங்கிலி நம்பத்தகுந்ததாகவே தோன்றுகிறது; எனக்கும் அதில் ஈர்ப்பு உண்டு. ஆனால் அதன் முதல் கண்ணி இறந்தவர்களின் மூளையிலிருந்தும், இரண்டாவது விலங்குகளிலிருந்தும், மூன்றாவது வேறொரு நோயாளிக் குழுவிலிருந்தும் வந்தவை. எனவே ஸ்கேனும் இஇஜியும் ஒரே நபர்களிடம், ஒரே காலத்தில் எடுக்கப்பட்டனவா, இரு அளவுகளும் நபருக்கு நபர் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று தேடுங்கள். அப்படி ஏறி இறங்கினாலும் ஒரு பொறி உண்டு. மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் இருக்கும் திரவப் படலம் தடித்தால், தலையின் மேற்பரப்பை எட்டும் மின்னழுத்தம் குறையும். புறணி மெலிந்தவரிடம் அந்தப் படலமும் தடித்திருக்கலாம்; அலை சிறுத்ததற்கு நரம்பணுக்களின் செயல் குறைந்தது காரணமாக இல்லாமல், சமிக்ஞை வரும் வழி மாறியதே காரணமாக இருக்கலாம்.

கணினி கண்டறிந்தது என்னும் செய்திகள்

இஇஜியைக் கொண்டு மனச்சிதைவை 95 விழுக்காட்டுக்கும் மேல் துல்லியமாகக் கண்டறியும் இயந்திரக் கற்றல் முறை என்ற அறிவிப்புகள் இப்போது அடிக்கடி வருகின்றன. அவற்றில் இரண்டைச் சோதித்தால் போதும்.

முதலாவது, பயிற்சிக்கும் தேர்வுக்கும் தரவை எப்படிப் பிரித்தார்கள் என்பது. பல கட்டுரைகள் பொதுவில் கிடைக்கும் ஒரு சிறு தரவுத் தொகுப்பையே பயன்படுத்துகின்றன. அதில் 14 நோயாளிகளும் நலமான 14 பேரும்தான். ஒவ்வொருவரின் பதிவையும் சில வினாடித் துண்டுகளாக வெட்டினால் ஆயிரக்கணக்கான துண்டுகள் கிடைக்கும். அத்துண்டுகளைக் கலைத்துப் போட்டு, சிலவற்றைக் கொண்டு பயிற்றுவித்து மீதியைக் கொண்டு சோதித்தால், ஒரே நபரின் துண்டுகள் இரு பக்கமும் இருக்கும். கணினி நோயை அடையாளம் காண்பதற்குப் பதில் அந்த நபரை அடையாளம் கண்டுகொள்கிறது. நபர் வாரியாகப் பிரித்தோம், பயிற்சியில் இருந்த எவரும் தேர்வில் இல்லை என்ற வாக்கியம் இல்லாவிட்டால், அந்த 95ஐ அப்படியே ஒதுக்கிவிடலாம்.

இரண்டாவது, எந்தக் கூட்டத்தில் பயன்படுத்தப் போகிறார்கள் என்பது. கருவி நோயாளிகளில் 80 விழுக்காட்டினரையும் நலமானவர்களில் 80 விழுக்காட்டினரையும் சரியாகச் சொல்கிறது என்று கொள்வோம். பொதுமக்கள் 1,000 பேரில் 10 பேருக்கு நோய் என்றால், அது அந்தப் பத்தில் 8 பேரைப் பிடிக்கும்; நலமான 990 பேரில் 198 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். "நோய் உண்டு" என்று அது சொன்ன 206 பேரில் 8 பேருக்கே, அதாவது 4 விழுக்காட்டினருக்கே, உண்மையில் நோய் இருக்கும். அதே கருவியை, லேசான சந்தேகங்களும் மங்கலான குரல்களுமாக மருத்துவரிடம் ஏற்கெனவே வந்துவிட்ட 1,000 இளைஞர்களிடம் பயன்படுத்தி, அவர்களில் 200 பேருக்குப் பிற்பாடு நோய் முற்றும் என்று கொண்டால், 160 பேரைச் சரியாகவும் 160 பேரைத் தவறாகவும் சுட்டும். இரண்டில் ஒன்று சரி. மிஸ்மேட்ச் நெகட்டிவிட்டி போன்ற அளவுகள் நடைமுறைக்கு வரும் வாய்ப்பு இந்த இரண்டாம் வகைச் சூழலில்தான் இருக்கிறது. அத்தகைய ஆய்வைப் படிக்கும்போது, பின்னர் நோய் முற்றியவர்களை நலமான அந்நியர்களோடு ஒப்பிட்டிருக்கிறார்களா, அதே போன்ற அறிகுறிகளோடு வந்து நோய் முற்றாமல் போனவர்களோடு ஒப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மருத்துவர் தம் அறையில் பிரித்தறிய வேண்டியிருப்பது இந்தப் பின்னவர்களைத்தான்.